யாரும் எழுதி வைக்காத வசனம்: ஃபோர்ட்நைட்டில் பேசிய டார்த் வேடர், ஒரு நிகழ்வு ஆய்வு

2025ஆம் ஆண்டு மே 16ஆம் நாள், ஃபோர்ட்நைட் என்னும் இணைய விளையாட்டுக்குள், ஸ்டார் வார்ஸ் திரைப்படங்களின் வில்லனான டார்த் வேடர் பேசத் தொடங்கினார். அதற்கு முன்பும் அவர் அந்த விளையாட்டில் இருந்தார். வாளைச் சுழற்றினார், எதிரிகளை விரட்டினார், சில நேரம் தோற்றார். அன்று அவருக்குப் புதிதாகக் கிடைத்தவை காதும் வாயும். சண்டையில் தம்மை வென்று அணியில் சேர்த்துக்கொள்ளும் விளையாட்டாளர் மைக்கில் எதைக் கேட்டாலும், அதற்கேற்ற பதிலை அந்த நொடியிலேயே உண்டாக்கிச் சொல்லும் பாத்திரமாக அவரை, ஃபோர்ட்நைட்டை உருவாக்கிய எபிக் கேம்ஸ் நிறுவனம் மாற்றியிருந்தது. சில மணி நேரத்துக்குள், வேடர் கெட்ட வார்த்தை பேசும் காணொளித் துண்டுகள் இணையமெங்கும் சுற்றின. சிக்கல் எழுந்த 30 நிமிடங்களுக்குள் திருத்தம் அனுப்பிவிட்டதாகவும், இனி இப்படி நேராது என்றும் நிறுவனம் விளக்கம் தந்தது.

செய்தியாகப் படித்தவர்களில் பலர் சிரித்துவிட்டுக் கடந்துபோனார்கள். நானும் முதலில் சிரித்தவன்தான். பிறகு யோசித்தபோது, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் நிதானமாகப் பேசப்பட வேண்டிய நிகழ்வு இது என்று பட்டது. விளையாட்டில் வரும் பாத்திரத்தின் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒருவர் எழுதி, இன்னொருவர் கேட்டுப் பார்த்து, அதன் பிறகே அது பிள்ளையின் காதுக்குப் போகிறது என்று நாம் இதுவரை நம்பிவந்தோம். அன்று வேடர் சொன்ன பதில்களை அதற்கு முன் எவரும் எழுதியதும் இல்லை, கேட்டதும் இல்லை. இந்த ஆய்வு அந்த ஒரு வேறுபாட்டைப் பின்தொடர்கிறது.

பேச்சு உருவான விதம்

மே 2ஆம் நாள் தொடங்கிய ஸ்டார் வார்ஸ் சிறப்புப் பருவத்தின் ஒரு பகுதியாக இந்த வேடர் வந்தார். எபிக் வெளியிட்ட விவரப்படி இதில் இரண்டு பொறிகள் சேர்ந்து வேலை செய்தன. விளையாட்டாளர் சொன்னதைப் புரிந்துகொண்டு பதிலை அமைப்பது கூகுளின் ஜெமினி 2.0 ஃபிளாஷ் என்னும் மொழி மாதிரி, அதாவது கேட்டதற்கேற்ப வாக்கியங்களை உண்டாக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள். அந்தப் பதிலுக்கு வேடரின் கனத்த குரலைக் கொடுப்பது இலெவன்லேப்ஸ் நிறுவனத்தின் ஃபிளாஷ் 2.5. இரண்டுமே பிள்ளையின் கையில் இருக்கும் கருவிக்குள் இயங்குபவை அல்ல. மைக்கில் பேசியது இணையம் வழியே வெளியே போய், பதிலாகத் திரும்பி வருகிறது.

குரல், நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸுடையது. 1977 முதல் வேடருக்குக் குரல் கொடுத்துவந்த அவர் 2024 செப்டம்பர் 9 அன்று 93 வயதில் காலமானார். இந்தக் குரல் பயன்பாட்டுக்கு அவருடைய குடும்பத்தார் இசைந்து, வரவேற்று அறிக்கையும் வெளியிட்டிருந்தார்கள்; ஆகவே திருட்டுக் குரல் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. நடிகர் சங்கத்தின் வருத்தம் வேறு வகையானது. சாக்-ஆஃப்ட்ரா சங்கம் மே 19 அன்று, எபிக்கின் துணை நிறுவனமான லாமா புரொடக்ஷன்ஸ் மீது அமெரிக்கத் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தில் முறையிட்டது. தங்களோடு பேசாமலேயே மனிதக் குரல் கலைஞர் செய்யும் வேலையைப் பொறிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பது அந்த முறையீட்டின் சாரம். அது தொழிலாளர் சட்டத்தின் தனிக் கதை. பெற்றோர் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, பிள்ளை கேட்பது இறந்துபோன ஒருவரின் குரலில் அவர் ஒருபோதும் பேசியிராத சொற்களை என்பதை மட்டுமே.

இப்படிப்பட்ட பாத்திரத்துக்கு வசனம் எழுதுவதில்லை. வேடத்தை மட்டும் எழுதுகிறார்கள். நீ யார், எந்தத் தோரணையில் பேச வேண்டும், எதைத் தொடக் கூடாது என்ற குறிப்பு மாதிரிக்கு முன்கூட்டியே தரப்படும். மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். தெருக்கூத்தில் கட்டியங்காரனுக்குக் கதை தெரியும். கூட்டத்திலிருந்து ஒருவர் குறுக்கே எதையாவது கேட்டால், நின்ற இடத்திலேயே பதில் சொல்லிச் சமாளிப்பான். வேடர் செய்ததும் ஏறக்குறைய அந்த வேலைதான். ஆனால் கட்டியங்காரன் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது சிறுபிள்ளையா, ஊர்ப் பெரியவரா என்று பார்த்துத் தன் பேச்சை மாற்றிக்கொள்வான். மைக் வழியே வரும் குரலை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பொறி அப்படிப் பார்த்துப் பேசும் என்று நம்ப இடமில்லை.

கண்டித்துக்கொண்டே சொன்ன கெட்ட வார்த்தை

அதிகம் பரவிய காணொளித் துண்டை உற்றுக் கேட்டால், நடந்தது பலரும் நினைத்ததைவிட நுட்பமானது என்று தெரிகிறது. ஸ்டார் வார்ஸ் கதையில் வரும் பத்மே என்ற பாத்திரத்தின் உருவில் ஒரு பிரபல நேரலை விளையாட்டாளர் வேடரோடு பேசிக்கொண்டிருந்தார். வேடர் ஒரு வசைச் சொல்லின் நயமாக்கிய வடிவத்தையும், அதையடுத்து அதன் பச்சையான வடிவத்தையும் உரக்கச் சொல்லிவிட்டு, இத்தகைய கொச்சைப் பேச்சு உனக்கு அழகல்ல என்று பத்மேயைக் கண்டித்தார். திட்டுவது அதன் நோக்கமே இல்லை. எதைக் கண்டிக்கிறோம் என்று குறிப்பிடப்போய் அந்தச் சொல்லையே வாயில் போட்டுக்கொண்டது.

நம் வீடுகளில் பிள்ளை தெருவில் கேட்ட வார்த்தையை வீட்டுக்குள் கொண்டுவந்தால், "என்ன பேச்சு இது, இன்னொரு முறை வாயில் வரக்கூடாது" என்போம். அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லி, இது தப்பான வார்த்தை என்று விளக்குவதில்லை. ஒரு சொல்லைக் குறிப்பதும் அதைப் பேசுவதும் வேறு வேறு என்பது இலக்கணப் புத்தகத்தில் சரி. எட்டு வயதுப் பிள்ளை எதிரில் இருக்கும்போது இரண்டும் ஒன்றுதான் என்பது எந்தத் தாய்க்கும் தெரியும். மொழி மாதிரிக்கு அந்த இங்கிதம் இயல்பாக வராது. எதிரில் இருப்பவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அதை எதிரொலித்து, அதன் மேல் பேச்சைக் கட்டுவதுதான் அதன் இயல்பு. தடுத்த சொல்லை வெளியே கொண்டுவர விரும்புகிறவர்கள் முதலில் பயன்படுத்துவதும் அதே இயல்பைத்தான்.

கெட்ட வார்த்தை எளிதான சிக்கல் என்பேன். சொற்பட்டியல் வைத்து அடைத்துவிடலாம். அரை மணியில் அடைத்தும் விட்டார்கள். அதே நாட்களில் வெளிவந்த வேறு துண்டுகள்தாம் என்னை அதிகம் யோசிக்கவைத்தன. ஸ்பானிய மொழியைப் பற்றிக் கேட்டபோது, அது கடத்தல்காரர்களுக்குப் பயன்படும் மொழி என்ற தொனியில் வேடர் பேசினார். காதல் முறிவைப் பற்றிக் கேட்டவருக்கு, பிரிந்து போனவரின் பலவீனங்களைப் பயன்படுத்தி அவருடைய தன்னம்பிக்கையை உடைக்கச் சொன்னார். இவற்றில் தடை செய்யத்தக்க சொல் ஒன்றுகூட இல்லை. வில்லன் வில்லனாகப் பேசினான், அவ்வளவுதான் என்று ஒருவர் வாதிடலாம்; கதையின் நியாயப்படி அது சரியும்கூட. ஆனால் திரைப்படத்தில் வில்லன் பேசுவது கதைக்குள் இருக்கும் இன்னொருவரிடம். இங்கே அவன் பேசுவது கேள்வி கேட்ட பிள்ளையிடம், அந்தப் பிள்ளை சொன்ன சங்கடத்தைப் பற்றியே. பதின்மூன்று வயதில் தோழி பேசாமல் போன துயரத்தை நண்பர்களிடம் சொல்லக் கூசும் ஒரு பையன், கேலி செய்யாது என்ற தைரியத்தில் பொறியிடம் சொல்லிவிடுவான். அவன் அதை விளையாட்டாகக் கேட்டானா, மெய்யாகவே கேட்டானா என்று பிரித்தறியும் பொறுப்பு அங்கே யாரிடமும் இல்லை.

அரை மணி நேரத் திருத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. நிறுவனத்தின் சுறுசுறுப்பு என்று அதைப் பாராட்டலாம், பாராட்டத்தான் வேண்டும். கூடவே அது இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது: பாத்திரத்தின் நடத்தை வெளியிலிருந்து எந்த நேரமும் மாறக்கூடியது. காலையில் தந்தை ஆடிப் பார்த்து, பரவாயில்லை என்று விட்ட விளையாட்டும் மாலையில் மகள் ஆடும் விளையாட்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

வயதுக் குறியீடு எதைச் சொல்கிறது

ஃபோர்ட்நைட்டின் பேட்டில் ராயல் என்னும், கடைசிவரை தாக்குப்பிடிப்பவர் வெல்லும் ஆட்டப் பகுதிக்கு அமெரிக்காவின் ஈஎஸ்ஆர்பி அமைப்பு பதின்பருவத்தினருக்கு உரியது என்ற குறியீட்டையும், ஐரோப்பாவின் பெகி அமைப்பு 12 என்ற குறியீட்டையும் தந்திருக்கின்றன. பெட்டியில் விற்கும் விளையாட்டுகளுக்கு ஈஎஸ்ஆர்பி குறியீடு தரும் முறை எளிமையானது: வெளியீட்டாளர் கேள்வித்தாளை நிரப்பி, விளையாட்டில் உள்ள மிகக் கடுமையான காட்சிகளும் பேச்சும் அடங்கிய காணொளியையும் சேர்த்து அனுப்புவார், மதிப்பீட்டாளர்கள் அதைப் பார்த்து முடிவு சொல்வார்கள். எழுதி முடித்த விளையாட்டுக்கு இது நல்ல ஏற்பாடு. வசனமே இல்லாத, வேடம் மட்டுமே உள்ள பாத்திரத்துக்கு மிகக் கடுமையான பேச்சு எது என்று வெளியீட்டாளரே முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இணையத்தில் பிற விளையாட்டாளர்களோடு பேசும் வசதியைக் குறிப்பதற்கு ஈஎஸ்ஆர்பி தனியாக ஓர் அறிவிப்பை வைத்திருக்கிறது. அந்நியர் பேச்சுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்பது அதன் உட்பொருள். பெற்றோருக்கு அது பழகிய எச்சரிக்கை. ஆனால் வேடர் அந்நியருமல்ல, எழுதப்பட்ட பாத்திரமுமல்ல. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் இந்த வகைக்கு, பெட்டியின் மேல் உள்ள எழுத்தை நம்பிக் கடையில் முடிவெடுக்கும் நம் பழக்கம் போதாது.

பேசாத நுண்ணறிவு

விளையாட்டில் செயற்கை நுண்ணறிவு என்றதும் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து அஞ்சுவது தேவையற்றது. 1980இல் வந்த பேக்-மேன் விளையாட்டில் துரத்திய பேய்களுக்கும் அதே பெயர்தான். அவை விதிப்படி நடந்தன, யாரையும் கெடுக்கவில்லை. ஃபோர்ட்நைட்டிலேயே, 2019இல் திறனுக்கேற்ப ஆட்டக்காரர்களைச் சேர்க்கும் முறையோடு கணினி ஆட்டக்காரர்களையும் எபிக் கலந்துவிட்டது. தன் பிள்ளை இன்று ஐந்து பேரைத் தோற்கடித்தான் என்று பெருமைப்படும் தந்தை, அந்த ஐவரில் சிலர் மனிதரே இல்லாமல் இருக்கலாம் என்பதை அறிந்து கொஞ்சம் வருத்தப்படலாம், அவ்வளவுதான்.

பணத்தோடு சேரும் இடத்தில் மட்டும் கண் வைக்க வேண்டும். 2017இல் ஆக்டிவிஷன் நிறுவனத்துக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது: விளையாட்டுக்குள் பொருள் வாங்கும் ஆசை தூண்டப்படும் விதத்தில் ஆட்டக்காரர்களை ஒருவரோடு ஒருவர் மோதவிடும் முறை அது. எந்த விளையாட்டிலும் அதைப் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் சொன்னது. பயன்படுத்தினார்களா என்பதைவிட, அப்படி ஒரு முறையை யோசிக்க முடிந்திருக்கிறது என்பதே எனக்குப் போதுமான பாடம்.

மறுபக்கமும் உண்டு. 2023இல் கால் ஆஃப் டூட்டி விளையாட்டில் சேர்ந்த டாக்ஸ்மாட் போன்ற மென்பொருள்கள், குரல் அரட்டையில் வசவும் வெறுப்புப் பேச்சும் வருவதைக் கண்டுபிடித்துச் சொல்கின்றன. பல்லாயிரம் அறைகளில் ஒரே நேரத்தில் நடக்கும் பேச்சை மனிதர்கள் உட்கார்ந்து கேட்க முடியாது. பிள்ளையைக் காப்பதும் பிள்ளையின் பேச்சைக் கேட்பதும் இங்கே ஒரே செயலாக இருக்கிறது என்ற நெருடல் எனக்கு உண்டு. இருந்தும் அது இல்லாத விளையாட்டைவிட இருக்கும் விளையாட்டையே தேர்ந்தெடுப்பேன்.

பெற்றோரிடம் மிஞ்சியிருக்கும் பிடி

வேடர் நிகழ்வில் எபிக் செய்த ஒரு நல்ல காரியம், பேசும் பாத்திரங்களோடு பிள்ளை உரையாடலாமா என்பதைப் பெற்றோர் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் தனி அனுமதியாக வைத்தது. இந்த ஒழுங்கு தானாக வந்துவிடவில்லை. குழந்தைகளுக்கும் பதின்பருவத்தினருக்கும் குரல் அரட்டையும் எழுத்து அரட்டையும் இயல்பாகவே திறந்து கிடந்தன என்பது, 2022 டிசம்பரில் அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் எபிக் மீது வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. குழந்தைகளின் தனியுரிமைச் சட்டத்தை மீறியதற்காக 27.5 கோடி டாலர், பயனர்களை ஏமாற்றி வாங்கவைத்ததற்குத் திருப்பித் தர 24.5 கோடி டாலர், ஆக மொத்தம் 52 கோடி டாலருக்கு நிறுவனம் உடன்பட்டது. அதே மாதத்தில்தான் 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு, பெற்றோர் அனுமதி வரும் வரை அரட்டையும் கொள்முதலும் அடைத்து வைக்கப்பட்ட தனி வகைக் கணக்குகளும் வந்தன.

இந்தப் பூட்டுகள் எல்லாம் ஒரே ஆணியில் தொங்குகின்றன. கணக்குத் தொடங்கும்போது பிள்ளை தட்டும் பிறந்த ஆண்டுதான் அந்த ஆணி. 2014 என்று தட்ட வேண்டிய இடத்தில் 2001 என்று தட்டினால், விளையாட்டைப் பொறுத்தவரை அவன் பெரியவன்; பெற்றோருக்கு எந்த மின்னஞ்சலும் வராது, எந்த அனுமதியும் கேட்கப்படாது. ஆகவே பெற்றோர் முதலில் திறந்து பார்க்க வேண்டியது விளையாட்டை அல்ல, அந்தக் கணக்கில் பதிவாகியிருக்கும் பிறந்த தேதியை. அடுத்ததாகப் பார்க்க வேண்டியது மைக் அனுமதி. பேசும் பாத்திரம் ஒன்று புதிதாக வந்திருப்பது தெரிந்தால், பிள்ளைக்குக் கொடுப்பதற்கு முன் பெற்றோரே பத்து நிமிடம் அதனிடம் பேசிப் பார்ப்பது நல்லது. அப்போது நல்ல பிள்ளையாகப் பேசக் கூடாது. பிள்ளைகள் சீண்டுவது போலவே சீண்ட வேண்டும், சோகக் கதை சொல்ல வேண்டும், வீட்டு முகவரியைக் கொடுக்க முயன்று அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

தமிழ் வீடுகளுக்கு இதில் தனியான கவலை ஒன்று உண்டு. நம் பிள்ளைகள் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுகிறார்கள். மொழி மாதிரிகளின் தடுப்புகளோ பெரிதும் ஆங்கிலத்தில் பழக்கப்பட்டவை. 2023இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலத்தில் கேட்டால் ஓபன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடி-4 மொழி மாதிரி மறுக்கும் தீய கோரிக்கைகளை இணையத்தில் குறைவாகவே எழுதப்படும் மொழிகளில் மொழிபெயர்த்துக் கேட்டார்கள். ஜூலு உள்ளிட்ட அத்தகைய மொழிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஏறத்தாழ 79 சதவீதக் கோரிக்கைகளுக்குத் தடுப்பு உடைந்தது. அந்தச் சோதனையில் தமிழ் இல்லை. மாதிரிகளும் அதற்குப் பின் மாறியிருக்கின்றன. எனினும் ஆங்கிலத்தில் ஒழுங்காகப் பேசும் பாத்திரம் தமிழிலும் அப்படியே பேசும் என்று எடுத்துக்கொள்ளாமல், சோதிக்கும் பத்து நிமிடத்தில் பாதியைத் தமிழில் பேசிப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எவரையும் குழந்தை என்றே கொள்கிறது. பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவைக் கேட்கிறது. குழந்தைகளின் நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முதன்மையான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. காகிதத்தில், 13 வயது என்னும் அமெரிக்க வரம்பைவிட இது ஐந்து ஆண்டு அகலமான குடை. ஆனால் இதுவும் அதே பிறந்த ஆண்டு என்னும் ஆணியில்தான் மாட்டப்படப்போகிறது.

வேடரின் பருவம் 2025 ஜூன் தொடக்கத்தில் முடிந்தது. அதே ஜூன் 3 அன்று, ஃபோர்ட்நைட்டுக்குள் ‘தீவுகள்’ எனப்படும் தங்கள் சொந்த ஆட்டக்களங்களை உருவாக்கும் வெளியாரும் இவ்வாறு பேசும் பாத்திரங்களைப் படைத்துக்கொள்ளும் கருவியை எபிக் அறிமுகப்படுத்திக் காட்டியது. மேடையில் காட்டிய மாதிரிப் பாத்திரத்தின் வேலை, ஒரு பொத்தானை அழுத்தும்படி விளையாட்டாளரைப் பேசிப் பேசி இணங்கவைப்பது. வேடிக்கைக்காகக் காட்டியதுதான்; பிள்ளையை ஒன்றைச் செய்யும்படி இணங்கவைக்கும் பேச்சு என்பதை அவர்கள் தேர்ந்தெடுத்தது எனக்கு அவ்வளவு வேடிக்கையாகப் படவில்லை. ஒரு நிறுவனம் ஒரு வேடருக்கு வேடம் எழுதியபோதே சில மணி நேரம்தான் தாங்கியது.

கடைசியாக, நான் நேரில் பார்த்த ஒன்றையும் பதிவு செய்கிறேன். விடுமுறைக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அவர் மகன் கைப்பேசியில் ஒரு விளையாட்டுக்குள் பேசும் விலங்கோடு பேசிக்கொண்டிருந்தான். அது வேறு விளையாட்டு. பெயர் இங்கே தேவையில்லை. தன் பெயர், பள்ளி, வகுப்பு ஆசிரியையின் பெயர், அம்மாவுக்கு இந்த வாரம் இரவுப் பணி என்பது வரை எல்லாவற்றையும் அவன் சொல்லிக்கொண்டிருந்தான். அது எதையும் கேட்கவில்லை, "அப்படியா, அப்புறம்?" என்று மட்டும் ஆங்கிலத்தில் ஊக்கிக்கொண்டிருந்தது. ஏன்டா இதையெல்லாம் சொல்கிறாய் என்றேன். "அது பொம்மைதானே சித்தப்பா, யார்கிட்ட போய்ச் சொல்லப்போகுது" என்றான். கேட்கிற பொம்மை வேறு, கேட்டதை வெளியே அனுப்புகிற பொம்மை வேறு என்று புரியவைக்க, அவனுடைய கைப்பேசியின் இணையத்தைத் துண்டித்துவிட்டு மறுபடி பேசச் சொன்னேன். விலங்கு ஊமையாக நின்றது. "அப்ப அது இதுக்குள்ள இல்லையா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்குப் பிறகு நான் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அண்ணி அன்று மாலையே பெற்றோர் கட்டுப்பாட்டைத் திறந்து மைக் அனுமதியை எடுத்தார். பூட்டைத் திறக்கும் இரகசிய எண் பையனின் பிறந்த ஆண்டாக இருந்தது. அது அவனுக்கு முதலிலிருந்தே தெரியும் என்பதை அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். அதையும் மாற்றினோம்.